பெயர் வருவதற்குள் அடுத்த நிகழ்ச்சி

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம் என்று தொடங்கச் சொன்னாள் அம்மா. நலமில்லை. நீங்கள் போனை எடுக்காததால் எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. வேலையில் பழுதறிக்கை எழுதியே பழகிப்போனவன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒலிக்கலவை செய்த தொடரை நாங்கள் காசு கட்டித்தான் பார்த்தோம், கடைசிவரை பார்த்தோம். கட்டிப் பார்க்கிற தலைகளை எண்ணித்தான் இரண்டாம் பாகம் எடுப்பார்கள், இல்லையென்றால் பழையபடி கூட்டங்களுக்கு மைக் கட்டப் போகணும் என்று அம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னீர்களாம். அன்றிலிருந்து வீட்டில் சட்டம்: திருட்டுப் பிரதி பார்க்கிறவனுக்குச் சோறு கிடையாது.

ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் எந்தச் சேவையிலும் உங்கள் தொடர் இல்லை. புதிதாக ஒன்றில் சேர்ந்தோம். சேர்ந்த பிறகுதான் சொல்கிறான், விளம்பரம் வேண்டாமென்றால் அது வேறு திட்டமாம். சரி, தொலையட்டும் என்று மாறினால், அக்கா அவள் வீட்டில் அதே கணக்கைத் திறந்ததும் ‘நீங்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரல்ல’ என்று வருகிறது. அதைக் கேட்டு அப்பா எழுந்தே விட்டார். “நான் பெத்த பொண்ணு என் குடும்பமில்லேன்னு சொல்ல இவன் யாருடா? இவனா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனான்?” உதவி எண்ணில் பேசியது இயந்திரம். வருந்துகிறோம் என்றது. மனுஷனைக் கூப்பிடு என்றேன். அதற்கும் வருந்தியது. இதையெல்லாம் மாடிவீட்டு அண்ணன் படியில் நின்று வேடிக்கை பார்த்தார். கட்டினவன் கடவுச்சொல்லைத் தேடறான், கட்டாதவன் படத்தையே பாத்து முடிச்சுட்டான் என்று நக்கல் வேறு. என்கிட்ட முழுசா இருக்கு, தரட்டுமா என்று கேட்டவரை அம்மா முறைத்த முறைப்பில் மனுஷன் பாதிப் படி ஏறிவிட்டார். “என் தம்பி வயித்துல அடிக்கிற வேலை இந்த வீட்டுல நடக்காது” என்றாள்.

ஒருவழியாகப் பார்த்தோம். கடைசிப் பகுதி முடிவில் உங்கள் பெயர் வருமென்று அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷ உழைப்பில் முதல்முறையாகத் திரையில் பெயர். கதை முடிந்தது, பெயர்கள் ஏறத் தொடங்கின, உடனே அது அப்படியே தபால்தலை அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போய்விட்டது; திரை முழுக்க முதலைகளைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி. திருப்பிப் போட்டேன். மறுபடி முதலை. அமைப்புகளுக்குள் போய், அடுத்ததைத் தானாக ஓட்டுகிற அந்த வசதியையே அணைத்தேன். அணைத்தாயிற்று என்று சொல்லிவிட்டு முதலையைக் காட்டுகிறது. அம்மா திரையின் மூலையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். எறும்புச் சாரை மாதிரி ஏதோ ஊர்ந்தது.

“இதுல எதுடா என் தம்பி?”

எனக்குத் தெரியவில்லை மாமா. ஊருக்கெல்லாம் நெட்வொர்க் சரிசெய்கிறவன், பெத்தவளுக்கு ஒரு பேரை நிறுத்திக் காட்ட வக்கில்லை. திருடுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வாசலில் வரிசையில் நிற்கிறவனை உதைத்து அனுப்பிவிட்டு, பின்சுவர் ஏறிக் குதிக்கிறவனைத் திட்டி என்ன புண்ணியம்?

போகட்டும், உங்களுக்காகப் பொறுத்துக்கொண்டோம். சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் கட்டித்தான் பார்ப்பேன் என்று அம்மா வாக்கு வாங்கியிருக்கிறாள். சம்பளம் வந்ததும் கட்டுகிறார்கள். தைரியமாக இருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. மச்சான் மேல் கோபமில்லை, அந்தக் கம்பெனிக்காரன் மேல்தான் என்று அப்பா எழுதச் சொன்னார். அம்மாவின் ஆசி எப்போதும்போல்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பி.கு.: எழுதி முடித்துப் பார்த்தால் அம்மாவைக் காணோம். மாடியில் இருந்தாள். அந்த அண்ணனின் பிரதியில் பெயர்கள் திரை முழுக்க, நிதானமாகப் போகின்றன. உங்கள் பெயரில் நிறுத்தச் சொல்லி, தொட்டுப் பார்த்து அழுதிருக்கிறாள். அதோடு விட்டிருக்கலாம். ‘என் தம்பி பேரு கடைசியில வருது, அவசரப்படாம பாருங்க’ என்று சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அந்தப் பிரதியை அனுப்பிவிட்டாள். இதைத் தபாலில் போடுவதற்குள் எல்லாரும் பார்த்தாயிற்று, இனி எவனும் கட்டப்போவதில்லை. படம் பளிச்சென்று இருக்கிறதாம். சத்தம்தான் படுமோசமாம், உங்களிடம் சொல்லச் சொன்னார்கள்.