டூமி போன திசை

வாய்க்குள் ஒரு குழாயும், இரண்டு பஞ்சுருண்டையும், டாக்டரின் மூன்று விரல்களும் இருக்கும்போது ஒரு மனிதனால் "ஆ" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாது. எமில் ஹுடாக்கும் அதைத்தான் சொன்னார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"நாளைக்குச் சாயங்காலம் கமிட்டிக் கூட்டம், இல்ல?" என்றார் பல் டாக்டர் கிளார்க் விட்மர்.

"ஆ."

"இந்த வருஷம் குவார்ட்டர்பேக் முறை. நீ எனக்குத்தானே ஓட்டுப் போடப் போற?"

"ஆ... ஆஹ்... ஆ!"

"தெரியும்ப்பா. நீ தங்கமான மனுஷன்." டாக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எமிலின் கடைவாய்ப் பல்லில் தற்காலிகமாக எதையோ அடைத்து, "நிஜமான வேலை புதன்கிழமை ஒன்பது மணிக்கு. வேர் வரைக்கும் போகணும்" என்று தோளில் தட்டி அனுப்பினார். அந்த ஊருக்கு அவர் ஒருவர்தான் பல் டாக்டர்.

டன்மில் உயர்நிலைப் பள்ளியின் புகழ் மண்டபம் என்றதும் தூணும் விதானமுமாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஜிம்முக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு நடைவழி, சுவரில், பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலின் பழைய ஆட்டக்காரர்களுடைய படங்கள், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு படம். ஐந்து பேர் கமிட்டியில் மூன்று ஓட்டு விழுந்தால்தான் ஆணி அடிப்பார்கள். அந்த ஆணியைத் தன் இரும்புக் கடையிலிருந்து இலவசமாகத் தருகிறார் என்பதற்காகவே எமிலைக் கமிட்டியில் சேர்த்திருந்தார்கள்.

ஆனாலும் பென்சில்வேனியாவின் அந்த மூலையில் குவார்ட்டர்பேக் என்றால் சும்மாவா? பந்தை முதலில் கையில் வாங்கி, எறிவதா, அடுத்தவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று தீர்மானிக்கிற தளபதி அவன். அவன் எறிந்த பந்து எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பிடிபட்டால் அது டச்டவுன், ஆறு புள்ளி. பள்ளியில் இரண்டு வருஷம் அந்த வேலை பார்த்தவனுக்கு ஐம்பது வயதிலும் கடைவீதியில் காபி இலவசம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி டார்லீன் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"டாக்டருக்கு ஓட்டுப் போடறதா சத்தியம் பண்ணினியாமே? அவரோட ரிசப்ஷன் பொண்ணு ஊர் பூரா போன் பண்ணிச் சொல்லிட்டிருக்கா."

"சத்தியமா? வாயைத் திறந்து வெச்சிருந்தேன், அவ்வளவுதான்."

"உன் வாய் எப்பத் திறக்கக் கூடாதோ அப்பத்தான் திறக்கும். என் தம்பி ரே அறுபத்தோரு டச்டவுன் எறிஞ்சவன். அவனை விட்டுட்டு அந்தப் பல்லுப்பிடுங்கிக்கா போடுவ? வியாழக்கிழமை வான்கோழி விருந்து ரே வீட்டுலதான், ஞாபகம் வெச்சுக்கோ. நான் மட்டும் போறேன். கிறிஸ்மஸ் வரைக்கும் அங்கேயே இருக்கேன்."

சொன்னால் செய்பவள். இருபத்தெட்டு வருஷமாக எமில் அவள் இல்லாமல் ஒரு நன்றித் திருநாள் வான்கோழி சாப்பிட்டதில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்தபோது பல்லைவிட நெஞ்சு அதிகம் வலித்தது.

"சரி, சரி! ரேவுக்கே போடறேன்!"

அரை மணி நேரத்தில் மைத்துனன் ரே வந்து, "மாமா! நீங்க மனுஷனே இல்ல, தெய்வம்!" என்று வீங்கின கன்னத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். எமில் போட்ட கூச்சலை அவன் ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டான். அதோடு விட்டானா? நேரே தன் டயர் கடைக்குப் போய், சாலையோர அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்துகளை மாட்டினான்: 'உங்கள் ஓட்டுக்கு நன்றி எமில். பனிக்கால டயர்கள் வந்துவிட்டன.'

டாக்டர் வீட்டுக்குப் போகும் வழி அதுதான். சாயங்காலம் போன் வந்தது.

"எமில், பலகையைப் பார்த்தேன். பரவாயில்லப்பா. புதன்கிழமை வந்துடு. மனசு சரியில்லேன்னா எனக்குக் கை லேசா நடுங்கும், சும்மா சொல்லி வைக்கிறேன்."

எமில் அவசரமாக இடைமறித்தார். "அது மச்சினன் போட்ட பலகை டாக்டர்! உங்களுக்குத்தான் என் ஓட்டு. கூட்டத்துல உங்களுக்காக எழுந்து பேசப் போறதே நான்தான்!"

ரிசப்ஷன் பெண்ணின் புண்ணியத்தில் அதுவும் பத்தே நிமிஷத்தில் டார்லீன் காதுக்கு வந்தது.

"அவனுக்காகப் பேசப் போறியா?"

"பேச்சு அவனுக்கு, ஓட்டு உன் தம்பிக்கு."

"பேச்சும் என் தம்பிக்குத்தான்!"

"அதுவும் பேசறேன்" என்றார் எமில். வேறென்ன சொல்வார்?

மறுநாள் கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே பள்ளிக்குப் போய், நடைவழியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரகசிய ஓட்டு கேட்டால் தப்பிக்கலாம் என்று பட்டது. ஆனால் சீட்டில் எந்தப் பெயரை எழுதுவது? எவன் படம் ஏறினாலும் மற்றவன் தொலைத்துவிடுவான். இரண்டு பேருக்கும் கிடைக்காமல் போனால்தான் அவருக்குப் பிழைப்பு. வெறும் சீட்டைப் போடலாம் என்றால், ஏதாவது ஒரு பெயரை எழுதியே ஆக வேண்டும் என்று விதி.

"கன்னம் ஏன் அண்ணே இப்படி வீங்கியிருக்கு?" என்று துடைப்பத்தோடு வந்தான் வெர்ஜில் டூமி.

பள்ளியைக் கூட்டித் துடைப்பவன் அவன். குளிர்காலத்தில் ஊரில் பாதி வாசல்களுக்குப் பனி தள்ளுபவனும் அவனே. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன் ஓர் இறுதி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்குக்குக் கால் பிசகியதால், கடைசி நான்கு நிமிஷத்துக்கு இவனை இறக்கினார்கள். பந்தை வாங்கியவன் இரண்டு சுற்றுச் சுற்றி, தலை கிறுகிறுத்து, சொந்தக் கோட்டுக்குள்ளேயே ஓடி விழுந்து, எதிரணிக்கு ஜெயிக்கிற புள்ளிகளைத் தானம் செய்தான். இன்றைக்கும் டன்மில்லில் யாராவது வழி தவறிப் போனால், 'டூமி போன திசையில போயிட்டான்' என்றுதான் சொல்வார்கள்.

எமில் அவனிடம் மனம்விட்டுப் புலம்பினார்.

"எனக்கு என்னண்ணே தெரியும்?" என்றான் வெர்ஜில், தரையைத் துடைத்துக்கொண்டே. "ஒரு பேரு எழுதணும், அவ்வளவுதானே? எழுதின பேரு ஜெயிச்சே ஆகணும்னு சட்டமா என்ன?"

எமில் நிமிர்ந்தார். ஜெயிக்கவே முடியாத பெயர்! குனிந்து துடைத்துக்கொண்டிருந்த வெர்ஜிலின் முதுகைப் பார்த்தார். அடடா, என் மூளையே மூளை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். மற்ற நால்வரும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்திருப்பது ஊரறிந்த விஷயம். தன் சீட்டு வீணாகிவிட்டால் யாருக்கும் மூன்று தேறாது. இருவரிடமும் போய், 'நான் உனக்குத்தான் போட்டேன், மத்தவங்க கவுத்துட்டாங்க' என்று சொல்லிவிடலாம்.

கூட்டம் தொடங்கியது. பாதிரியார் லிண்ட் தலைமை. எமில் எழுந்தார்.

"கிளார்க் விட்மர் நம்ம டீமைச் சாம்பியன் ஆக்கி மோதிரம் வாங்கினவர். மோதிரம் இல்லாத குவார்ட்டர்பேக் தாலி கட்டாத மாப்பிள்ளை மாதிரி!" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா ரே எறிஞ்சது அறுபத்தோரு டச்டவுன். அதை மறந்தா நம்மளைக் கடவுளே மன்னிக்க மாட்டார்!" என்று முடித்து உட்கார்ந்தார்.

"யோவ், நீ எந்தப் பக்கம்?" என்றார் கோச் புரூனோ.

"நியாயத்தின் பக்கம்."

"கிளார்க் அந்த வருஷம் எறிஞ்சதே பதினேழு தடவைதான்" என்றார் நூலகர் ஓபல் அம்மாள். "மீதி நேரம் பந்தை ஓடறவன் கையில குடுத்துட்டு நின்னான். அதைத்தான் நம்ம தபால்காரரும் செய்யறாரு. அவர் படத்தையும் மாட்டுவோமா?"

"ரே எதிராளி கைக்கு எறிஞ்சது நாப்பத்து நாலு!" என்று மேசையைத் தட்டினார் மருந்துக்கடை ஸ்டான். "அவன் படத்தை எதிராளி ஸ்கூல்லதான் மாட்டணும்!"

"ரெண்டு பேருமே ஒண்ணும் கிழிக்கல" என்றார் கோச். "குவார்ட்டர்பேக்குக்குக் கை முக்கியமில்ல. ஒரு பக்கம் ஆளையெல்லாம் பார்க்க வெச்சுட்டு மறுபக்கம் காரியத்தை முடிக்கணும். அப்படி ஒருத்தன் இந்த ஊர்ல இன்னும் பொறக்கல."

மூலையில் காபி ஊற்றிக்கொண்டிருந்த வெர்ஜில் எல்லோருக்கும் கோப்பையை நீட்டிவிட்டு வெளியே போனான்.

"ரகசிய ஓட்டா வெச்சுக்கலாமே?" என்றார் எமில் மெதுவாக.

ஒருவரும் மறுக்கவில்லை. ஸ்டான் அவசரமாகக் காகிதமே கிழிக்கத் தொடங்கிவிட்டார்.

பாதிரியார் முதல் சீட்டைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "வெர்ஜில் டூமி."

நம்முடையது, என்று எமில் கூரையைப் பார்த்தார். கோச் சிரித்தார். ஆனால் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே நின்றுவிட்டது.

"வெர்ஜில் டூமி" என்றார் பாதிரியார். அடுத்த சீட்டு. "வெர்ஜில் டூமி." அதற்கடுத்தது. கடைசிச் சீட்டையும் பிரித்தார். "இதுவும்தான். என்னோடது."

"நான் சும்மா வீணடிக்கத்தான் எழுதினேன்!" என்று அலறினார் கோச். "கிளார்க்கோட மகன் என் டீம்ல ஆடறான், ரே ஓசியில டயர் தர்றான். நான் என்ன செய்ய?"

"விதி விதிதான். அஞ்சுக்கு அஞ்சு" என்றார் பாதிரியார். "இந்தச் சுவரோட சரித்திரத்துலயே இதுதான் முதல் தடவை."

எமிலுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்துக்கு ஐந்து என்றால் ரகசியம் எங்கே இருக்கிறது? அவர் ரேவுக்கும் போடவில்லை, டாக்டருக்கும் போடவில்லை என்பது நாளைக் காலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். டார்லீன் பெட்டி கட்டுவாள். டாக்டரின் கை நடுங்கும். பல் விண்ணென்று தெறித்தது.

"யாரும் எழுத மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் எழுதினேன்" என்றார் ஓபல் அம்மாள் ஈனஸ்வரத்தில். "நேத்து நூலக வாசல்ல வெர்ஜில் பனி தள்ளிக்கிட்டிருந்தான். பேச்சுவாக்குல எனக்கே தோணிச்சு."

"சர்ச் வாசல்லயும் நேத்து அவன்தான் தள்ளினான்" என்றார் பாதிரியார்.

"மருந்துக்கடை வாசல்ல..." என்று ஆரம்பித்த ஸ்டான் முடிக்கவில்லை.

கதவு திறந்தது. ஒரு தோளில் ஏணி, கையில் சுத்தியல், கக்கத்தில் சட்டம் போட்ட தன் பழைய ஃபுட்பால் படத்தோடு வெர்ஜில் நின்றான்.

"ஆளையெல்லாம் ஒரு பக்கம் பார்க்க வெச்சுட்டு மறுபக்கம் காரியத்தை முடிக்கிறவன்தான் குவார்ட்டர்பேக்னு கோச் சரியாத்தான் சொன்னாரு" என்றான். "எமிலண்ணே, ஏணியைக் கொஞ்சம் கெட்டியாப் பிடிங்க!"