மாப்பிள்ளை பிரிண்ட் எடுத்த பட்டியல்

பயந்தாங்கொள்ளி எதையும் இரண்டு தடவை பூட்டுவான் என்று நினைப்பீர்கள். பொய். அவன் பூட்டைத் தொடவே பயப்படுவான், தொட்டு உடைந்துவிட்டால்? நான் அந்த ரகம்.

ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான், இரண்டாயிரத்து நான்கு வாக்கில், பழனிசெட்டிபட்டியில் பிரவுசிங் சென்டர் திறந்தேன். எனக்கொரு கம்ப்யூட்டர், வருகிறவர்களுக்கு ஒன்று. நடுவே ஒரு ஒயர். ஓ.எஸ். போட வந்த பாண்டி கேட்டான்:

"அண்ணே, இது எல்லாத்தையும் தெறந்தே வச்சுத்தான் வரும். பாஸ்வேர்டு போட்டு, ஒங்க ஃபோல்டரு அந்த மிஷின்ல தெரியாம மூடிரவா?"

"ஏலே, கைய வைக்காத! செஞ்சவனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? வந்தபடியே இருக்கட்டும்."

அப்போது தங்கை செல்விக்குக் கூடலூரில் மாப்பிள்ளை பேசியிருந்தோம். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். எனக்கு மட்டும் தூக்கமில்லை. கூடலூருக்கே போய் டீக்கடை, சலூன், ஜீப் ஸ்டாண்டு எல்லாம் விசாரித்து, கேட்டதைக் கம்ப்யூட்டரில் தட்டி வைத்தேன். (ஒற்றை விரலால். ஐந்து நாள்.) ஃபோல்டரின் பெயர் 'மாப்பிள்ளை குறைகள்'.

நிச்சயத்துக்கு நான்கு நாள் இருக்கையில் மாப்பிள்ளையே மெயில் அனுப்பக் கடைக்கு வந்தார். பதறிப்போய் டீ சொன்னேன். பத்து நிமிடத்தில் என் மேசை பிரிண்டர் கரகரவென்று தாளைத் துப்பியது.

'தலை: நடுவில் முடி உதிர்வு. ரொம்ப நாள் தாங்காது. தாயார்: வாயைத் திறந்தால் மூடுவதற்குள் குமுளி பஸ் போய்த் திரும்பும். குறட்டை: உண்டு.'

"ரெண்டு பக்கம்ணே," என்றார் மாப்பிள்ளை, அந்த மிஷினில் என் ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல். "கலர்ல வராதா?"

மறுநாள் காலையிலேயே அவருடைய அம்மா தாளோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினார்.

"ஏன் தம்பி, எம்மகன் என்ன ரேசன் அரிசியா, கல்லுப் பொறுக்குறதுக்கு? கொறட்ட விடுறது அவென் இல்ல, அவுக அப்பா! ஒழுங்கா விசாரிக்கத் தெரியலேன்னா எதுக்கு விசாரிக்கிறீக?"

செல்வி அடுப்படியிலிருந்து வந்தாள். "இந்தக் கல்யாணம் நின்னுச்சுன்னா, ஆயுசுக்கும் ஒன்னைய அண்ணேன்னு கூப்பிட மாட்டேன்."

பாண்டியைப் பிடித்து உலுக்கினேன். "நீங்கதானண்ணே கைய வைக்காதன்னீக" என்றான். கம்ப்யூட்டர் செய்தவனைச் சொல்ல வேண்டும்: எந்தக் கொத்தனாராவது கதவில்லாமல் வீட்டைக் கொடுத்து, வேண்டுமானால் நீயே தேடி மாட்டிக்கொள் என்பானா? இன்றும் வயிறு எரிகிறது. அதைவிட, ஊரான் தலையில் முடி எண்ணிவிட்டு, தன் வீட்டுக் கதவைத் திறந்து போட்ட அந்த மடையனை நினைத்தால் செருப்பைத் தேடுகிறது கை.

அந்த அம்மா ஒரே நிபந்தனை போட்டார். "எம்மகனோட நல்லதையும் எழுதுங்க. நான் சொல்றேன்."

கடைக்கு வந்து உட்கார்ந்து சொன்னார். ஒற்றை விரலால் தட்டினேன். அதற்குள் குமுளி பஸ் இரண்டு தடவை போய்த் திரும்பியிருக்கும்.

கல்யாணம் நடந்தது. குறைப் பட்டியல், நிறைப் பட்டியல் இரண்டையும் லேமினேஷன் போட்டுக் கொடுத்ததும் நான்தான். இன்றைக்கும் நான் அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால், மாப்பிள்ளை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கத்துகிறார்:

"மச்சான் வந்துட்டாக! எல்லாத்தையும் மூடுங்க!"