எழுபத்து மூன்று டேப்கள்

உறைந்து போன கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதுதான் அவர் செய்த ஒரே பாவம். திரும்ப உயிர் வந்தபோது பிரவுசரில் திறந்திருந்த எழுபத்து மூன்று டேப்களும் போயே போய்விட்டன.

பல் ஆஸ்பத்திரி வரவேற்பாளருக்கு நாக்கு உலர்ந்தது. எதிரே வீங்கிய கன்னத்தோடு காத்திருந்த நோயாளியே பரிதாபப்பட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பிரவுசரில் மூன்று ப்ரொஃபைல்கள். பெயர் கிடையாது, பயனர் ஒன்று, இரண்டு, மூன்று. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் கண்டுபிடித்துவிட்டார்: ஒன்று டாக்டர், இரண்டு டாக்டரின் மனைவி, மூன்று நர்ஸ். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வேலை தெரியாதவர் என்று நினைத்துவிட்டால்? அன்று முதல் அந்த டேப்களைக் கைக்குழந்தை போலக் காத்தார். நோயாளிகளின் பெயர்களைக்கூட நோட்டில்தான் எழுதினார். டாக்டரும் தினம் மாலை பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்.

பதினோரு மாதமாகத் தற்காலிக வேலை. இன்று காலைதான் டாக்டர், "மதியம் உங்க வேலை விஷயமா பேசணும்" என்றார். வேலை நிரந்தரமாகிவிட்டதென்று அதற்குள் அவர் மனைவி தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

டாக்டர் உள்ளே ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கு நின்றார். ஒரு மணி நேரம் கிடைக்கும். வரவேற்பாளர் தன் மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் செல்போன் உறை விற்பவன். ஆகவே குடும்பத்தின் கம்ப்யூட்டர் நிபுணன்.

"மச்சான், டாக்டரோட டேப்பெல்லாம் போச்சுடா!"

"பதறாதீங்க மாமா. அதுக்கப்புறம் எதையும் திறக்கலையே?"

"மூணு ப்ரொஃபைலையும் நாலு நாலு தடவை திறந்து மூடிட்டேன்."

"கெட்டது குடி! ஒவ்வொரு தடவையும் பழசு ஒரு படி கீழ புதைஞ்சிடும். இனி ஹிஸ்டரியில தோண்டித்தான் எடுக்கணும்."

தோண்டினார். இருபது நிமிடத்தில் ஆறு டேப் கிடைத்தது. அதில் இரண்டு வானிலை அறிக்கை.

"வேற வழியே இல்லையாடா?"

"மூணுலயும் ஒரே அக்கவுண்ட்டைப் போட்டு, எல்லாத்தையும் ஒண்ணா இணைக்கிற 'சிங்க்' பட்டனைத் தட்டுங்க மாமா. தானா வந்து சேரும்."

பாஸ்வேர்ட் மானிட்டரின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தது. போட்டார். வந்து சேர்ந்தது, நன்றாகவே வந்து சேர்ந்தது. எல்லாம் எல்லாவற்றிலும்! மூன்று எழுபத்து மூன்று, இருநூற்றுப் பத்தொன்பது. உள்ளிருந்த விசிறி அலறிய அலறலில் மேசை தரையை விட்டுக் கிளம்பாததுதான் ஆச்சரியம்.

"அவங்கவங்களுதை அவங்கவங்களுக்குப் பிரிச்சு விடுங்க" என்று மச்சான் போனை வைத்துவிட்டான்.

பிரித்தார். 'ஈறு வீக்கம்' டாக்டருக்கு. 'கணவரின் குறட்டையை நிறுத்துவது எப்படி' மனைவிக்கு, சந்தேகமே இல்லை. 'எட்டே நாளில் கிட்டார்' நர்ஸுக்கு. 'முதலாளி முகத்தில் விழிக்காமல் வேலை பார்ப்பது எப்படி'? கன்னத்தில் கை வைத்து வெகுநேரம் யோசித்து, அதையும் நர்ஸ் தலையிலேயே கட்டினார்.

ஒருவழியாக எழுபத்து மூன்றும் நின்றன. அவர் சட்டையைப் பிழிந்திருந்தால் அரை வாளி தேறியிருக்கும்.

டாக்டர் வெளியே வந்தார். கையில் ஒரு தாள். திரையைக் குனிந்து பார்த்தார்.

"எல்லாம்... அப்படியேதான் இருக்கா?"

"ஒண்ணுகூடக் குறையல சார்! என் உயிரே போனாலும் விடமாட்டேன்!"

டாக்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி... அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சோர்வாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"அதெல்லாம் உங்களுக்கு முன்னாடி இங்க இருந்த பொண்ணு திறந்து போட்டதுண்ணே, டாக்டர் உங்களுதுன்னு நினைச்சுக்கிட்டு, 'இந்த மனுஷன் அதை மூடுற அன்னைக்கே வேலையை நிரந்தரமாக்கிடுறேன்'னு பதினோரு மாசமா ஆர்டரைக் கையில வச்சுக்கிட்டுக் காத்துக் கிடக்குறாரு."