அரிசி டப்பாவுக்குப் பூட்டு

அரிசி டப்பாவுக்குப் பூட்டுப் போட்ட முதல் புருஷன் நானாகத்தான் இருப்பேன். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

என் மனைவிக்கு ஆறாம் மாதம். போன வருஷம் ஒன்று ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. ஏன் போனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. காரணம் தெரியாத பயம் இருக்கிறதே, அது மனுஷனை உட்காரவும் விடாது, நிற்கவும் விடாது. இந்தத் தடவை டாக்டரம்மா, சர்க்கரை கொஞ்சம் எல்லையில் நிற்கிறது, மாவுச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கப்புறம் கால் மணி நேரம் என்னென்னவோ விளக்கினார். என் காதில் விழுந்தது 'குறை' மட்டும்தான். எதிரி யாரென்று ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. இனி அவனை வீட்டுக்குள் விடுவேனா?

அன்றைக்கே அரிசி, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை எல்லாவற்றையும் பெரிய தகர டப்பாவில் போட்டுப் பூட்டி, சாவியை பெல்ட்டில் மாட்டிக்கொண்டேன். இனிமேல் முட்டை, கீரை, கோழி, வெள்ளரிக்காய். மனைவி அழுவாள், சண்டை போடுவாள் என்று பதில்களெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"நான் வீட்டுல என்ன சாப்பிடுறேனோ அதைத்தான் நீங்களும் சாப்பிடணும். வெளியில டீ குடிச்சாலும் சர்க்கரை கூடாது."

"இவ்வளவுதானா?" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

இங்கே என் தொழிலைச் சொல்ல வேண்டும். கடைத் தராசுகளைப் பழுது பார்ப்பவன் நான். எங்கள் பட்டறையில் ஒரு விதி. எந்தத் தராசு வந்தாலும் முதலில் படிக்கல்லை, அதாவது எடையில் குறையே இல்லை என்று தெரிந்த கல்லை, வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சரியாகக் காட்டினால்தான் தராசை நம்பலாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி வாங்கி வந்ததும் அதையேதான் செய்தேன். குறையே இல்லாத ஆள் வீட்டில் யார்? நான். என் விரலில் குத்தினேன். இருநூற்று நாற்பது. ஊசியை மாற்றி அவள் விரலில் குத்தினேன். நூற்றுப் பத்து.

கருவி கோளாறு. மருந்துக்கடையில் கொடுத்து வேறு வாங்கி வந்தேன். அதுவும் அதே லட்சணம். மறுபடி போய் நின்றபோது மருந்துக்கடைக்காரர் கருவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். தொழில் தெரியாதவர் என்று திரும்பி வந்துவிட்டேன்.

மனைவி ஒரு நோட்டில் 'நான்', 'அவர்' என்று இரண்டு கட்டம் போட்டு, தினமும் இரண்டு எண்களையும் எழுதி வைத்தாள். என்னுடையது எதற்கு என்று கேட்டேன். கருவி எவ்வளவு பொய் சொல்கிறது என்று டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டாமா என்றாள். என்ன பொறுப்பு என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மூன்று வாரம் ஓடியது. வெள்ளரிக்காயைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. பட்டறையில் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற குரலில் நலம் விசாரித்தார்கள். அவளோ கன்னம் பூரித்து நடமாடினாள். கருவியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தியது. என் கட்டத்தில் இருநூறு, நூற்று எண்பது, நூற்று அறுபது என்று இறங்கியது. எண்ணெய் விட்ட தராசு இப்படித்தான் படியும்.

ஒரு மத்தியானம், மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்க வீட்டுக்கு வந்தேன். மனைவி இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி அக்காவிடம் கேட்கலாம் என்று எட்டிப் பார்த்தேன். தையல் மிஷின் மேல் ஒரு தட்டு. தட்டில் வெள்ளைவெளேரென்று சோறு. எதிரில் என் மனைவி.

கோபம் வரவில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது வந்த அதே பயம்தான் வந்தது.

"இந்தப் பிள்ளையையும் தொலைக்கப் பாக்குறியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தையல்காரி அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மனைவி வாயில் இருந்ததை நிதானமாக மென்று முடித்தாள். "நாளைக்கு டாக்டரம்மாவைப் பாக்கப் போறோமில்ல? அங்க வந்து கேளுங்க."

மறுநாள் நோட்டை மேஜையில் வைத்து, சோற்றுச் சமாச்சாரத்தை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். வேளைக்கு ஒரு பிடி சோறு சாப்பிடச் சொன்னதே அவர்தானாம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தக் கூடாதாம். அன்றைக்குக் கால் மணி நேரம் விளக்கியதும் அதைத்தானாம். பிள்ளையின் எடை கூடியிருக்கிறது, துடிப்பு நன்றாக இருக்கிறது, சர்க்கரையும் அடங்கிவிட்டது என்றார். எனக்கு மூன்று வாரமாக அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

பிறகு அவர் விரல் அடுத்த கட்டத்துக்குப் போனது. "இது யாரு?"

"அது படிக்கல், டாக்டர்."

"இவர்தான், டாக்டர்," என்றாள் மனைவி. "இவங்க அப்பா இந்தச் சர்க்கரையிலதான் போனாரு. ரத்தம் பாக்கலாம் வாங்கன்னு ரெண்டு வருஷமா கூப்பிடுறேன். தனக்குன்னா வர மாட்டாரு. எனக்குன்னா வாயையும் கட்டுவாரு, இங்கயும் வருவாரு." அப்புறம் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "பிள்ளை வர்றப்ப அப்பாவும் இருக்கணுமில்ல?"

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். என் பெயருக்கு. அதை வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பயந்தது நான் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்து தனக்கு ஒரு பிடி அரிசி எடுத்தாள். மறுபடி பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு வெள்ளரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

அவள் எழுந்து அந்தப் பக்கம் போனதும் பூட்டை இழுத்துப் பார்த்தேன். நல்ல பூட்டு. நானே பார்த்துப் பார்த்து வாங்கியது.