எங்கே திருப்புவீங்க?

டிராம் தன் தெருவுக்குள் வரக்கூடாது என்று பிரேக்கார் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை காலை, பல் துலக்கும்போது. வாயில் நுரையோடு எடுத்த முடிவு. அதனால் முதல் தடவை யாருக்கும் புரியவில்லை. கொப்பளித்துவிட்டு மறுபடியும் அறிவித்தார்.

"அந்த வண்டி இந்தத் தெருவுக்குள்ள நுழையாது. நான் இருக்கிற வரைக்கும் நுழையாது!"

"சரிங்க," என்றாள் மனைவி. "துண்டு ஆணியில தொங்குது. மூஞ்சியத் துடைச்சுக்குங்க."

பிரேக்கார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் பஸ் ஓட்டிய காலத்தில் பயணிகள் வைத்த பெயர் 'சடன்பிரேக்'. அவர் ஓய்வு பெற்றதும் தெருக்காரர்கள் அதைச் சுருக்கி, வயதுக்கு மரியாதையாக ஓர் 'ஆர்' சேர்த்துக்கொண்டார்கள். ஆள் ஓய்வு பெற்றாரே தவிர அவருடைய வலது கால் ஓய்வு பெறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போதுகூட, குறுக்கே ஒரு பூனை போனால் போதும், அந்தக் கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் தரையின் பளபளப்பே போய்விட்டது. வீடு பெருக்கும்போது மனைவி அந்த இடத்தை மட்டும் மெல்லக் கடப்பாள், தூங்குகிற ஒன்றை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல.

டிராமின்மேல் அவருக்கு இருந்த கோபம் பழைய கோபம். ஆற்றங்கரையிலிருந்து சந்தை வரைக்கும் அவர் ஓட்டிய பஸ்ஸை ஒழித்துத்தான் அந்தத் தண்டவாளத்தைப் போட்டார்கள். கடைசி நாள் பஸ்ஸை ஓட்டிப்போனபோது, தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் காலி இருக்கைகள்தான் தெரிந்தன. டிராமில் கால் வைப்பதில்லை என்று அன்று சபதம் செய்தார். சந்தைப் பக்கம் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது அந்த டிராம் சந்தையோடு நிற்காமல், மேட்டில் ஏறி, அவர் தெருவிலேயே வந்து முடியப்போகிறதாம்!

அவர் வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. அவருடைய கார். நின்றுகொண்டிருந்தது என்பதுதான் அதைப் பற்றிச் சொல்லக்கூடிய முழு உண்மை. 'நாளைக்கே ஸ்டார்ட் ஆகும்' என்று அவர் சொல்லாத நாள் இல்லை. அந்த நாளை வரும்வரை அதன் முதுகில் போர்வை காயவைப்பது அவர் மனைவியின் வழக்கம்.

அவளைத் தெருவில் தையலம்மா என்பார்கள். சந்தையில் ஒரு தையல்கடையில் வேலை. அங்கே புதுத்துணி தைப்பதில்லை. வாங்கிய உடுப்பை உடம்புக்குப் பொருத்துகிற வேலை. பிடிப்பதைத் தளர்த்துவாள், தொங்குவதைப் பிடிப்பாள். அளவு தவறிப்போன எதையும் பிரிக்காமலே சரிசெய்துவிடலாம் என்பது அவள் நம்பிக்கை. கல்யாணத்துக்கும் அதையே பயன்படுத்தினாள். மாலையில் வீடு திரும்பும் மேடுதான் அவளுக்கு எமன். முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கும். "இனிமே இந்த மேடு ஏறாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிராம் மேலே வந்தால் வேலை தங்கும். வராவிட்டால் வேலை போகும். கணக்கு அவ்வளவுதான்.

"வேலைய விட்டுடேன். வீட்ல நிம்மதியா இரு," என்றார் பிரேக்கார்.

"நிம்மதியாவா? நீங்களும் வீட்லதானே இருக்கீங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் தெருக்கூட்டம். டிராம் ஆபீஸிலிருந்து என்ஜினியரம்மா வருகிறார். தெருக்காரர்கள் வேண்டாம் என்றால் பாதை மேட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். வேண்டாம் என்று சொல்லவைக்க பிரேக்காரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் அதை மனைவிக்கு விளக்கினார்.

"இந்தா, இந்த நீளக் கரண்டிதான் டிராம். இந்த ரெண்டு டம்ளரும் ரெண்டு பக்கத்து வீடு. உள்ள வந்துடுச்சு. சரி. இப்ப எப்படித் திரும்பும்? சொல்லு! என் பஸ்ஸைத் திருப்பவே ஒரு மைதானம் வேணும். அது பஸ்ஸவிட எவ்வளவு நீளம்! எங்கே திருப்புவாங்க? வீட்டை இடிச்சாத்தான் திருப்ப முடியும்!"

தையலம்மாவின் கடை ஜன்னல் டிராமின் கடைசி நிறுத்தத்தைப் பார்த்தபடி இருந்தது. நாளெல்லாம் அது வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டேதான் அவள் தைப்பாள். அந்தச் சமயம் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வாயில் குண்டூசிகள் இருந்தன. அது நல்லதாய்ப் போயிற்று.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சொன்னாள். "ஆமாங்க. எங்கே திருப்புவாங்க? நல்ல கேள்வி."

"பாத்தியா!"

"ஒண்ணுதான். 'நீங்க என்னைக்காவது அதுல ஏறியிருக்கீங்களா'ன்னு யாராவது கேட்டுட்டா?"

"கேக்கட்டுமே!"

"அதானே. ஏறாட்டி என்ன? எதையும் பாக்காமலே இவ்வளவு உறுதியாப் பேசறதுக்கும் ஒரு தைரியம் வேணும். எல்லாருக்கும் வராது."

பாராட்டுப்போலத்தான் இருந்தது. ஆனால் செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்போல உறுத்தியது. மறுநாள் காலை, கார் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் சந்தைக்குப் போனார். கடை ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, சபதத்தை நடைமேடையிலேயே விட்டுவிட்டு, டிராமில் ஏறினார்.

ஏறினார் என்பது சரியில்லை. ஏற அங்கே படியே இல்லை. நடைமேடையும் வண்டியின் தரையும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் யார் கையும் படாமல் உள்ளே உருண்டுபோய் ஜன்னலோரம் நின்றார். எத்தனை பெரியவர்களைக் கண்டக்டரும் நானுமாகப் படியில் தூக்கி ஏற்றியிருக்கிறோம் என்று பிரேக்கார் நினைத்துக்கொண்டார். தூக்கும்போது அவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். இந்தப் பெரியவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேக்கார் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். ஓட்டுநர் ஒரு இளம்பெண். மணியை ஒரு தட்டுத் தட்டினாள். வண்டி கிளம்பியது அவருக்குத் தெரியவில்லை, சந்தை பின்னால் போவதுதான் தெரிந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே புல் வளர்ந்திருந்தது. அதன்மேல் வண்டி, தண்ணீரில் விட்ட இலைபோலப் போயிற்று. அவர் கால் மட்டும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

ஆற்றங்கரை வந்தது. 'இப்ப மாட்டுவாங்க' என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். திருப்பட்டும், பார்க்கலாம். அந்தப் பெண் எழுந்தாள், பையை எடுத்தாள், வண்டிக்குள்ளேயே நடந்து பின்னால் போய்விட்டாள். சரி, டியூட்டி முடிந்துவிட்டது, வேறு ஆள் வரும் என்று காத்திருந்தார். ஆள் வரவில்லை. மணி அடித்தது. எதிரிலிருந்த ஓட்டுநர் இருக்கை காலியாகவே இருக்க, வண்டி பின்பக்கமாக நகரத் தொடங்கியது.

"ஐயோ! ஆள் இல்ல! வண்டி ரிவர்ஸ்ல போகுது!" இரண்டு காலாலும் தரையை மிதித்தார். "பிரேக்! யாராவது பிரேக்கப் பிடிங்கய்யா!"

வண்டி முழுதும் திரும்பிப் பார்த்தது. ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "பின்னாடி இருக்கிற ஐயா, பயப்படாதீங்க. நான் இந்தப் பக்கம் இருக்கேன். இப்ப இதுதான் முன்னாடி."

இரண்டு முனையிலும் ஓட்டுகிற இடம்! அது திரும்புவதே இல்லை. திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. பிரம்மாஸ்திரம் ஈரப் பட்டாசாகிப் போனது. சக்கர நாற்காலிப் பெரியவர்கூடச் சிரித்தார்.

கெட்டிக்காரராக இருந்தால் அன்றோடு விட்டிருப்பார். ஆனால் மறுநாளும் கார் சாமான் தேவைப்பட்டது. அதற்கு மறுநாளும். ஆற்றங்கரைப் பாலத்தின் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கப் பார்த்தால், அந்தப் பெண் ஒரு பொத்தானை அழுத்திச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பிடி மணலைத் தண்டவாளத்தில் தூவுவதைக் கண்டுபிடித்தார். குழந்தைக்குச் சோற்றில் நெய் விடுகிற அளவு, அதற்கு மேல் இல்லை. நிறுத்தம் வெகு தூரத்தில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கோடு போட்ட இடத்தில் கதவு சரியாக வந்து நிற்கும்படி அவள் நிறுத்துவதைப் பார்த்தார். சடன்பிரேக் என்று பெயர் வாங்கியவர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். 'என்ன கை! என்ன கை!' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வீட்டில் கார் சாமான் ஒன்றும் வந்து சேரவில்லை. மனைவியும் கேட்கவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. 'எங்கே திருப்புவீங்க?' என்பதைத் தெரு முழுக்க வீடுவீடாகச் சொல்லி வைத்தாயிற்று. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் அதை மனப்பாடமே செய்துவிட்டார். இப்போது போய், 'அது திரும்பவே வேண்டாமாம்' என்று சொன்னால் மானம் என்ன ஆவது? யோசித்து யோசித்து ஒரு திட்டம் போட்டார். சனிக்கிழமை மாலையே அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"பேச முடியல," என்று சைகை காட்டினார். மருந்துக்கடைக்காரர் பேசட்டும், தோற்றால் அவர் தோற்கட்டும்.

"அடப்பாவமே!" தையலம்மா உருகிப்போனாள். உப்பு போட்ட வெந்நீர் கொடுத்தாள். கம்பளித் துணியைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றினாள். "ஒரு வார்த்தை பேசக்கூடாது. உங்களுக்காக நான் பேசறேன்."

அவருக்குத் திக்கென்றது. ஆனால் தொண்டை கட்டியிருந்ததே, என்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. என்ஜினியரம்மா வரைபடத்தைச் சுவரில் மாட்டியிருந்தார். மருந்துக்கடைக்காரர் எழுந்து முழங்கினார். "எங்கே திருப்புவீங்க? எங்க அண்ணன் கேக்கச் சொன்னார்! எங்கே?"

பிரேக்கார் கம்பளிக்குள் முகத்தை இழுத்துக்கொண்டார். என்ஜினியரம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தையலம்மா எழுந்துவிட்டாள்.

"அண்ணன் கேக்கறது சரிதாங்க. என் வீட்டுக்காரருக்குத் தொண்டை சரியில்ல, அதனால நான் சொல்றேன். அந்த வண்டி ஆட்டுற ஆட்டுல குடலே வெளிய வந்துடுமாம்."

பிரேக்கார் நெளிந்தார்.

"ஏத்தத்துல சக்கரம் வழுக்குமாம். நம்ம மேட்டுல பாதி ஏறிட்டுப் பின்னாடியே உருண்டு வந்துடுமாம்."

அவர் கால் தரையை ஓர் அழுத்து அழுத்தியது.

"எல்லாத்துக்கும் மேல, அத ஓட்டுறது ஒரு வேலையா? தண்டவாளம் போற வழியில அதுபாட்டுக்குப் போகுது. ஒரு கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கலாம். பஸ் ஓட்டத்தான் திறமை வேணும். இதுக்கு எதுக்கு..."

"யாருடி சொன்னது!"

கம்பளித் துணி பறந்தது. ஹால் அதிர்ந்தது. அத்தனை சுத்தமான குரல் அந்தத் தொண்டையிலிருந்து பல வருடமாக வந்ததில்லை.

"தூங்கிக்கிட்டா? அந்தப் பொண்ணு எப்படி நிறுத்துறா தெரியுமா உனக்கு? வண்டி நின்னதே உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியாது! வழுக்குமா? மணல் போடுறாங்கம்மா, மணல்! எவ்வளவு போடணுமோ அவ்வளவுதான் போடுறா! ஆட்டமாம் ஆட்டம். அதுல உக்காந்து நீ ஊசியில நூல் கோக்கலாம்! திருப்பறதா? டேய் மருந்து, அது எதுக்குடா திரும்பணும்? ரெண்டு பக்கமும் அதுக்கு முகம்டா!"

"அண்ணே, நீங்கதானே..." என்று மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார். கேட்க ஆள் இல்லை. பிரேக்கார் அதற்குள் இரண்டு பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, ஒன்றின் முனையில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, பையை எடுப்பதுபோல் பாவனை செய்து, மறுமுனைக்கு நடந்துபோய் உட்கார்ந்தார். "இப்ப இதுதான் முன்னாடி! புரியுதா?" ஹால் கைதட்டியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

என்ஜினியரம்மா மெல்லக் கேட்டார். "ஐயா, இவ்வளவு தெரிஞ்சவர் நீங்களே சொல்லுங்க. கடைசி நிறுத்தத்தை எங்க வச்சா நல்லா இருக்கும்?"

"இதுல என்ன சந்தேகம்? மேடு முடிஞ்சு தரை சமமா இருக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான். எங்க வீட்டு வாசல்! அங்க ஒரு ஓட்டைக் கார் நிக்குது, அதத் தூக்கி எறிஞ்சுட்டு..."

நிறுத்தினார். ஆனால் அது பழைய சடன்பிரேக்தான். வழக்கம்போல் தாமதமாகத்தான் பிடித்தது.

"குறிச்சுக்குங்கம்மா," என்றாள் தையலம்மா.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் கேட்டார். "நான் டிராம்ல போறது உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. அந்த டிரைவர் பொண்ணு யூனிஃபார்ம எங்க கடையிலதான் பிடிக்கக் குடுப்பா. 'ஒரு ஐயா பிரேக்கப் பிடி பிரேக்கப் பிடின்னு கத்தினார் ஆன்ட்டி'ன்னா. ஊர்ல வேற யாரு?" கொஞ்சதூரம் நடந்தாள். முழங்காலுக்காக நின்றாள். "அவ சொல்லாட்டியும் தெரிஞ்சிருக்கும். இப்பல்லாம் பேப்பர் படிக்கும்போது உங்க கால் சும்மா இருக்குங்க."

அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். அவர் கூடவே இத்தனை நாள் வந்தும் அறிமுகமாகாத ஆள்போல அது இருந்தது. மேட்டின் மிச்சத்தை அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

காலம் ஓடியது. கார் போயிற்று. அதற்கு முன்பே போர்வை வேறு கொடிக்கு மாறியிருந்தது. தெருவில் தண்டவாளம் வந்தது, நடுவில் புல் வந்தது. முதல் வண்டி கிளம்பிய காலையில் பிரேக்கார் இஸ்திரி போட்ட சட்டையோடு, யாரும் வருவதற்கு முன்பே நடைமேடையில் நின்றார். கதவு திறந்ததும் நேரே போய், ஓட்டுநருக்குப் பின்னால் அந்த முதல் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"வா, முன்னாடி வந்து உக்காரு! இங்கிருந்து பாத்தாத்தான் எல்லாம் தெரியும்."

"நீங்க உக்காருங்க. எனக்குப் பின்னாடியே போதும்," என்று சொல்லிவிட்டுத் தையலம்மா மறுகோடிக்குப் போனாள்.

மேட்டிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து ஆற்றங்கரை. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்திலிருந்தவர்களுக்கு அவர் வண்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆற்றங்கரையில் அந்தப் பெண் எழுந்தாள், பையை எடுத்தாள், அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுகோடிக்கு நடந்தாள். அங்கே அவளுக்குப் பின்னாலிருந்த முதல் இருக்கையில் தையலம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. கையில் வீட்டுச் சாவி.

மணி அடித்தது. பிரேக்கார் வீடு வரைக்கும் பின்பக்கமாகவே போனார்.