நிழலாக நின்றவள்

கடலுக்கு அந்தப் பக்கம், வரைபடம் போடுகிறவர்கள் கை ஓய்ந்து விட்டுவிட்ட இடத்தில், நிலைபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒருமுறை நிலைத்துவிட்டால் யாரும் உங்களைக் கிளப்ப முடியாது. நிலைப்பதுதான் பெரும் பாடு.

வாசல்கள் மூன்று. பொன் கொண்டுவருபவருக்குப் பொன்வாசல். அது எப்போதும் திறந்தே கிடக்கும். உப்புக்காட்டில் குடியிருக்கச் சம்மதிப்பவருக்கு எல்லைவாசல். தொழில் தெரிந்தவருக்குத் தொழில்வாசல். ஆனால் தொழில்வாசலில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர்தான். மற்றவர்கள் அந்தப் பெயருக்கு நிழல்.

மழை பொய்த்த ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள் அன்னக்கொடி. கைராசிக்காரி என்று பெயரெடுத்த மருத்துவச்சி. அவள் புருஷன் சடையாண்டி கணக்கன். எந்த வாசல் என்று வழியெல்லாம் பேசினார்கள். யார் பெயரில் என்பதைத்தான் பேசவில்லை.

தொழில்வாசலுக்கு வந்ததும் சடையாண்டி சொன்னான்: “என் பேர்லயே நிப்போம் புள்ள. ஆம்பளை இருக்கையில பொம்பளை பேரக் குடுத்தா ஊர்ல என்ன சொல்லுவாக?”

“அதுவுஞ் சரிதாங்க,” என்றாள் அவள். அந்த ஊரை விட்டுத்தான் வந்திருக்கிறோம் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

மதிலுக்கு வெளியே கூடாரம் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் வாசல் அமைச்சர் நெடுமொழியார் முரசறைவித்தார்: “காத்திருக்கும் கணக்கர்களைக் கணக்கெடுக்கக் கணக்கர்கள் போதவில்லை. ஆகவே கணக்கர்கள் மேலும் காத்திருக்கக் கடவர்.” பிறகு, சொந்த ஊருக்குப் போய்வருபவர் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும் என்றார். தாய் செத்த சேதி வந்தபோது அன்னக்கொடி கூடாரத்துக்குள்ளேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பாவி, கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அடுத்த முரசு, இனிக் கணக்கர் வேண்டாம், மருத்துவச்சிகளே வேண்டும் என்றது. சடையாண்டி வாசலுக்கு ஓடினான்.

“ஐயா, எம் பொஞ்சாதி மருத்துவச்சிங்க. அவ பேருக்கு மாத்திக் குடுங்க.”

“நிழலுக்கு ஏதப்பா தொழில்?” என்றார் நெடுமொழியார், உண்மையான வருத்தத்தோடு. “அந்த அம்மாள் புதிதாக வரிசையில் சேரலாம். தலையில் நரை மட்டும் இருக்கலாகாது.”

அவளுக்கு நரைத்ததே அந்த வரிசையில்தான்.

அந்த ஆண்டு மகாராணிக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. உள்ளே இருந்த ஒரே மருத்துவச்சியும் முந்தின கோடையில் செத்துப்போயிருந்தாள். “வெளியே இருப்பவளைக் கூப்பிடுங்கள்,” என்றார் ராஜா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பெயருக்கு உடையவன் வராமல் நிழல் மட்டும் உள்ளே வரச் சட்டம் இடங்கொடாது என்று நெடுமொழியார் கைகட்டி நின்றார். ஆகவே மகாராணியின் பல்லக்கு வெளியே வந்தது.

“பயப்படாதீக தாயி. இந்தா, திரும்பிருச்சு,” என்று அன்னக்கொடி தன் கூடாரத்தில் பிள்ளையை வாங்கினாள். ஆண்குழந்தை. அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது: மதிலுக்கு வெளியே பிறந்தவர் எவராயினும் அந்நியர் என்பது நிலைபுரிச் சட்டம்.

“இப்பவாச்சும் சட்டத்த மாத்துவாக,” என்றாள் புருஷனிடம். வெகுநாளைக்குப் பிறகு அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

சபை கூடியது. சட்டத்தில் ஓர் எழுத்தையும் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. மறுநாள் கொத்தனார்கள் வந்து, இளவரசர் பிறந்த இடம் உள்ளே விழும்படி மதிலைத் தள்ளிக் கட்டத் தொடங்கினார்கள். கூடாரம் இடைஞ்சலாக இருந்தது. அதைப் பிடுங்கி, அடுப்புக்கல்லோடு புது மதிலுக்கு அப்பால் மரியாதையாகவே வைத்தார்கள்.

“அன்னைக்கு உம் பேரச் சொல்லிருக்கணும்,” என்றான் சடையாண்டி.

“நானுந்தான சரின்னேன்.”

மதிலுக்கு உள்ளே குழந்தை பாலுக்கு அழுதது. வெளியே, மூட்டையோடு ஓர் இளஞ்சோடி வரிசையில் வந்து சேர்ந்தது. அந்தப் பெண்ணுக்குத் தலைமுடி கருகருவென்று இருந்தது. அன்னக்கொடி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“யார் பேர்லம்மா நிக்கப் போறீக?”

அந்தப் பெண் சிரித்தாள். “இதென்னக்கா கேள்வி? அவுக பேர்லதான்.”