வெர்லின் விட்டுக்கொடுத்த கிறிஸ்துமஸ்

அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சோள ரொட்டியைப் பீன்ஸ் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தபோது வெர்லின் டாக்கெட்டுக்கு ஞானோதயம் உண்டாயிற்று. ரொட்டியைத் தட்டில் போட்டார். வாயைத் துடைத்தார். எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒலீட்டா! இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம்ம குடும்பம் ஒரு பாட்டுத்தட்டு போடுது!"

அவர் மனைவி ஒலீட்டா நிமிர்ந்து பார்க்கவில்லை. "உட்கார்ந்து சொன்னாலும் காதுல விழுமே" என்றாள்.

"நம்ம வீட்டுக் கூடத்துலயே. விறகடுப்புப் பக்கத்துலயே. கரண்ட்டுல வாசிக்கிற வாத்தியம் ஒண்ணு கிடையாது. டிரம்ஸ் கிடையாது. ஒரு கிட்டார், மனுஷக் குரல், அவ்வளவுதான். கென்டக்கி மலைக்காரன் பாட்டு எப்படி இருக்கணுமோ அப்படி."

"யாரோட குரல்?"

"குடும்பத்தோட குரல்."

"அதைத்தான் கேட்டேன். யாரோட குரல்?"

"என்னோடதுதான்," என்றார் வெர்லின். "நீயும் பொண்ணும் பின்னாடி நின்னு 'ஊ' போடுங்க."

இந்த 'ஊ' ஒலீட்டாவுக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அவள் தம்பி டோர்சியும் மாவட்டத் திருவிழாவில் பாடி, மூன்று வருஷம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியவர்கள். அவள் பாட, தம்பி பிடில் வாசிப்பான். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக அவள் 'ஊ'வன்னாவைத் தாண்டி 'எ'னாவுக்குப் போனதில்லை.

வெர்லினின் குரலைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து கிடையாது. பெரிய குரல். எந்தச் சுருதியில் கிளம்பினாலும் பக்கத்துச் சுருதியில் போய்த்தான் இறங்கும். சர்ச்சில் அவர் முதல் வரிசையில் நின்று பாடுவார். அதனால் இரண்டாவது வரிசை எப்போதும் காலியாக இருக்கும். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

பாட்டுகளும் தயாராக இருந்தன. பன்னிரண்டும் அவரே எழுதியவை. "என் டிரக்கின் மேலே வெண்பனி", "நானும் இருந்தேன் அந்தத் தொழுவத்தில்", "எனக்காக ஒரு நட்சத்திரம்" என்று வரிசையாக வாசித்துக் காட்டினார்.

ஒலீட்டா பொறுமையாகக் கேட்டாள். "எல்லாம் சரிங்க. இதுல இயேசு எங்க வர்றாரு?"

"மூணாவது சரணத்துல."

"எந்தப் பாட்டுல?"

"ஒன்பதாவதுல," என்றார். "அவசரப்படாதே."

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அதற்குப் பெயர் டோர்சி. குடும்பத் தட்டு என்றால் மைத்துனனைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. கூப்பிட்டால் பிடிலோடு வருவான். அவன் வில்லை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தால் எல்லாருடைய கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண விருந்தில் வெர்லின் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கிழவர் எழுந்து, "அந்தப் பாடுற ஆளைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கப்பா, பிடில் கேட்கலை" என்று சொன்னது இன்னும் வெர்லின் நெஞ்சில் முள்ளாக நின்றது.

வெர்லின் காலண்டரைப் பார்த்தார். சிரித்தார். நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் திறக்கிறது. டோர்சி வேட்டைப் பைத்தியம். தன் கல்யாணத் தேதியையே மான்களைக் கேட்டு வைத்தவன். அந்த நாளிலேயே ரெக்கார்டிங்கைத் தொடங்கிவிட்டால், கூப்பிட்ட மாதிரியும் ஆச்சு, வராத மாதிரியும் ஆச்சு!

தொலைபேசியில் கூப்பிட்டார். "என்ன மச்சான், நீ இல்லாம குடும்பத் தட்டா? சனிக்கிழமை ஆரம்பிக்கிறோம். கட்டாயம் வரணும்."

எதிர்முனையில் டோர்சி இழுத்தான். "அன்னிக்கு வேட்டையாச்சே, மச்சான்."

"அடடா! மறந்தே போச்சே! சரி, உன் மனசு இங்க இருந்தாப் போதும்" என்று சொல்லி, டோர்சி யோசிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

ஒலீட்டா பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தட்டை வழக்கத்தைவிட ரொம்ப நேரம் துடைத்தாள்.

"பாவம் டோர்சி," என்றாள்.

"பாவம்தான்."

"நீங்களும் பாவம். முப்பது வருஷமா வேட்டை திறக்கிற அன்னிக்கு நீங்க மரத்துப் பரண்ல ஏறாம இருந்ததே இல்லை. இந்த வருஷம் ஏறலைன்னா தீவனக் கடையில என்ன பேசுவாங்க? வெர்லினைப் பொண்டாட்டி அடுப்புக் காலோட கட்டிப்போட்டுட்டான்னு பேசுவாங்க."

வெர்லின் இதை யோசிக்கவில்லை. முகம் வாடிவிட்டது.

"அதனால ஒண்ணு பண்ணுங்க," என்றாள். "விடியக்காலையில கிளம்பிப் போங்க. பதினோரு மணிக்குத் திரும்பி வாங்க. மத்தியானம் பாடலாம். உங்க தொண்டை எப்படியும் காலையில திறக்கிறதில்லை. அவ்வளவு பெரிய குரலை மரத்து மேல அஞ்சாறு மணி நேரம் பேசாம வச்சிருந்தா, அதுக்கும் ஓய்வு கிடைச்ச மாதிரி ஆச்சு."

வெர்லினுக்குக் கண் கலங்கியது. இருபத்தெட்டு வருஷம் கழித்து ஒருத்தி கணவனின் தொண்டையைப் புரிந்துகொண்டாளே!

மகள் கெண்ட்ரா லெக்ஸிங்டனில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவள். இரண்டு வார விடுமுறை எடுத்துக்கொண்டு, மைக்கும் லேப்டாப்பும் ஒயர்ச் சுருளுமாக வந்து இறங்கினாள். கூடத்தில் கம்பளிகளைத் தொங்கவிட்டாள். பிரிட்ஜை நிறுத்தினாள். கடிகாரத்தைக் கழற்றிக் குளியலறையில் வைத்தாள்.

சனிக்கிழமை விடியலில் வெர்லின் பரணில் ஏறினார். குளிர் எலும்பைக் கடித்தது. மான் வரவில்லை. பத்தரை மணிக்கு ஒரு அணில் வந்து அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. ஆனாலும் அவர் மனசு நிறைந்திருந்தது. டோர்சியும் இதேபோல எங்கேயோ ஒரு மரத்தில் விறைத்துக்கொண்டிருப்பான்!

வீட்டுக்குள் நுழைந்தவர் சோபாவில் சாய்ந்தார். சாய்ந்தவர் நிமிர்ந்தார்.

"ஒலீட்டா, சோபா சூடா இருக்கே?"

"அடுப்புப் பக்கத்துல இருக்கிற சோபா பின்ன எப்படி இருக்கும்?"

"இது என்ன, வெள்ளையாப் பொடி?"

"மாவு. உங்களுக்கு ஆப்பிள் பை பண்ணேன்."

"எங்க பை?"

"கெண்ட்ரா சாப்பிட்டுட்டா."

"முழுசாவா?"

"சின்னப் பொண்ணு, வேலை செய்யுற உடம்பு. அதுல கணக்குப் பார்ப்பீங்களா?"

வெர்லின் வாயை மூடிக்கொண்டார். தொண்டைக்கு ஓய்வு முக்கியம்.

மத்தியானம் ரெக்கார்டிங் நடந்தது. அவர் பாடினார். ஒலீட்டா 'ஊ' போட்டாள். பாதியில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "ஊ கொஞ்சம் ஓங்கிப் போகுது. இது என் பாட்டா, உன் பாட்டா?" ஒலீட்டா குரலைத் தணித்துக்கொண்டாள். மகள்தான் அம்மா முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"மைக்கை இன்னும் கிட்ட வைம்மா," என்றார் வெர்லின்.

"வேணாம்ப்பா. உங்க குரலுக்கு மைக்கை அடுத்த மாவட்டத்துல வச்சாலும் விழும்."

அவர் அதை டைரியில் எழுதி வைத்துக்கொண்டார்.

இப்படியே பன்னிரண்டு நாள். காலையில் பரண், மத்தியானம் பாட்டு. பன்னிரண்டு பாட்டும் முடிந்தன. மான் மட்டும் கிடைக்கவில்லை. டிசம்பர் முதல் வாரம் கெண்ட்ரா இருநூறு தட்டுகளைப் பதித்து, உறைபோட்டு ஒட்டி அனுப்பினாள். உறையில் "டாக்கெட் வீட்டுக் கிறிஸ்துமஸ்" என்று எழுதி, கூடத்து அடுப்பின் படம். அவருக்கு மட்டும் தனியாக ஒன்று, சிவப்பு ரிப்பன் கட்டி.

"இது உங்களுக்குன்னே பதிச்சதாம். இது வேற யார்கிட்டயும் கிடையாது" என்று ஒலீட்டா கையில் கொடுத்தாள். அவள் வார்த்தை அத்தனையும் சத்தியம்.

மற்றத் தட்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது வெர்லின்தான். கண்ணாடி ஏற்றிய டிரக்கில் அவருடைய தட்டு அலறிக்கொண்டே போனது. நிறுத்தும்போதெல்லாம் அதை அணைத்துவிட்டு இறங்கி ஒரு உறையை நீட்டினார். நாலே நாளில் ஊர் மாறிவிட்டது. தபால் ஆபீஸ் பெண் கவுண்ட்டருக்கு வெளியே வந்து கையைப் பிடித்தாள். "கேட்டுட்டு அழுதுட்டேன் வெர்லின்." மேட்டுத்தெரு மேனார்டு அம்மாள், "எங்க நாய்கூட குலைக்காம உட்கார்ந்து கேட்டுச்சு" என்றாள். தீவனக் கடை ஹோபர்ட் தோளில் தட்டினான். "இத்தனை வருஷமா உன்னைத் தப்பா நினைச்சிருந்தேன்யா. உனக்குள்ள இப்படி ஒரு மனுஷன் இருக்கான்னு தெரியாமப் போச்சே."

"எல்லாம் பரண்ல குடுத்த ஓய்வு," என்றார் வெர்லின் அடக்கமாக.

ஹோபர்ட்டுக்கு அது புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. ஆராதனை முடிந்து, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம். பன்றித்தொடை, சர்க்கரைவள்ளி, கோழியும் மாவுருண்டையும். வெர்லின் தட்டு நிறையச் சாப்பாடு வாங்கிக்கொண்டு ஹோபர்ட் பக்கத்தில் உட்கார்ந்தார். பாஸ்டர் எஸ்டில் ஒலிபெருக்கியில் ஏதோ போட்டார்.

பிடில் ஒன்று மெல்ல எழுந்தது. பிறகு ஒரு பெண் குரல் தொடங்கியது. உரக்கப் பாடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலப் பாடியது. நிறைமாதக் கர்ப்பிணியான மரியாள் பெத்லகேம் பாதையில் கணவனிடம், "கொஞ்சம் மெதுவா நடங்க, நானும் வர்றேன்" என்று கேட்கிற பாட்டு. அவன் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கிறான். அவள் மறுபடியும் கேட்கிறாள்.

வெர்லின் கையில் கோழிக்கால் அப்படியே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஹோபர்ட், யாருய்யா இந்தப் பொம்பளை? ரேடியோக்காரியா? என்னமா பாடுறா!"

ஹோபர்ட் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"உன் பொண்டாட்டிய்யா," என்றான்.

வெர்லின் கோழிக்காலைக் கீழே வைத்தார். இரண்டாவது பாட்டு வந்தது. அதிலும் அவள். மூன்றாவதில் அவளும் கெண்ட்ராவும். டிரக் வரவில்லை. வெண்பனி விழவில்லை. தொழுவத்தில் அவரைத் தவிர மற்ற எல்லாரும் இருந்தார்கள். எல்லாப் பாட்டிலும், வேட்டையையே விட்டுவிட்டு வந்த டோர்சியின் பிடில் ஊடே ஓடியது. அப்போதுதான் சோபா ஏன் சூடாக இருந்தது என்று அவருக்கு விளங்கியது. ஆப்பிள் பையை எவன் தின்றான் என்றும் விளங்கியது. பிடில் வில்லுக்குப் பூசுகிற பிசின் உதிர்ந்தால் மாவு மாதிரித்தான் இருக்கும் என்பதும் விளங்கியது. அவர் அங்கே மரத்தில் அணிலோடு உட்கார்ந்திருந்த காலை நேரமெல்லாம், இங்கே அவர் கூடத்தில், அவர் அடுப்பருகில், ஊருக்கான தட்டு பதிவாகிக்கொண்டிருந்தது. அவர்கள் சுதி சேர்த்திருக்கிறார்கள். சதியும் சேர்த்திருக்கிறார்கள். அவரும் அதைத் தன் கையாலேயே வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்!

"மோசடி!" என்று கத்துவதற்காக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இதோ, அவரே எழுந்துட்டார்!" என்றார் பாஸ்டர், மைக்கில். "சபையாரே, தன் மனைவி பாடணும், தன் மைத்துனன் வாசிக்கணும்னு, தனக்கிருக்கிற ஆசையை எல்லாம் அடக்கிக்கிட்டு, பன்னிரண்டு பாட்டுல ஒரு வரிகூடப் பாடாம ஒதுங்கி நின்னவர் நம்ம சகோதரர் வெர்லின். இதைவிடப் பெரிய கிறிஸ்துமஸ் பரிசை ஒரு கணவனால கொடுக்க முடியுமா?"

கூடமே எழுந்து நின்றது. கைதட்டல் கூரையை இடித்தது. டோர்சி விரலை வாயில் வைத்து விசிலடித்தான். "மச்சான்! மச்சான்!" என்று கத்தினான். மேனார்டு அம்மாள் கைக்குட்டையை ஆட்டினாள். ஐம்பத்தாறு வயசு வரை வெர்லின் பாடி முடித்தால் ஜனங்கள் எழுந்ததுண்டு. கோட்டு மாட்டிக்கொண்டு போவதற்காக எழுவார்கள். இப்படி எழுந்து, அவரைப் பார்த்து நின்று தட்டியதில்லை.

மேஜைக் கோடியில் ஒலீட்டா உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை. கை இரண்டும் மடியில் இறுகியிருந்தது. அவர் என்ன சொல்லப் போகிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெர்லின் வாயைத் திறந்தார். 'மோசடி' என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டு, கைதட்டலைப் பார்த்து, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. நெஞ்சில் கையை வைத்தார். தலை தாழ்த்தினார்.

"ஏதோ என்னால முடிஞ்சது," என்றார். "அவளுக்கு நல்ல குரல். நான்தான் ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

மறுபடி கைதட்டல். இந்தத் தடவை இன்னும் பலமாக. யாரோ ஒருவர் கண்ணீர் விட்டார். வெர்லினுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. நெஞ்சு விரிந்தது. இவ்வளவு அன்பான ஜனங்களுக்குப் பதிலுக்கு எதையாவது செய்ய வேண்டாமா? அவர் தொண்டையைக் கனைத்தார்.

"இந்தச் சந்தோஷத்துல, நானே எழுதின ஒரு பாட்டை..."

கைதட்டல் சட்டென்று நின்றது. இரண்டு பேர் கோட்டைத் தேடினார்கள். ஒலீட்டா எழுந்து வந்தாள். அவர் சட்டைக் காலரை அன்பாகச் சரிசெய்தாள். அவருக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னாள்:

"வேணாங்க. தியாகம் கெட்டுப்போயிடும்."